அமெரிக்காவில் ஹோஸ்ட் குடும்பத்தோடு ஒரு பள்ளி ஆண்டு: கிளம்பும் மாணவர்களுக்கு

ஜே-1 என்ற பரிமாற்ற மாணவர் விசாவில் ஒரு கல்வியாண்டு அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்க இடம் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள், பெட்டியில் எத்தனை கிலோ என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஹோஸ்ட் குடும்பம் என்று சொல்லப்படும், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் பத்து மாதம் எப்படி இருப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் போனபோதும் இல்லை. முதல் வீடு சரிப்படாமல் ஆண்டின் நடுவில் இன்னொரு வீட்டுக்கு மாறினேன். அப்போது பட்டுத் தெரிந்துகொண்டதையும், எனக்குப் பிறகு போன தம்பி தங்கைகளுக்குப் போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, ஹோஸ்ட் வீட்டுச் சிக்கல்களில் பாதி, கேட்க வேண்டியதை யாரும் நேரத்தில் கேட்காததால் வருகிறது. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை எதை, யாரிடம், எப்போது கேட்பது என்பதைப் பற்றியவைதான்.

1. விமானம் ஏறும் முன்: வீடு எது என்று எழுத்தில் வாங்குங்கள்

அமெரிக்க அரசின் விதிப்படி, நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஒரு ஹோஸ்ட் குடும்பமும், உங்களைச் சேர்த்துக்கொள்ள எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு பள்ளியும் முடிவாகியிருக்க வேண்டும். "வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள்.

குடும்ப விவரம் வந்ததும் ஸ்பான்சர் நிறுவனத்திடம் (இந்தத் திட்டத்தை நடத்தி, உங்களுக்கு வீடும் பள்ளியும் பார்த்துத் தரும் நிறுவனம்) முதலில் கேட்க வேண்டியது, இது நிரந்தரக் குடும்பமா, தற்காலிகக் குடும்பமா என்பது. தற்காலிகம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சில வாரங்களில் வேறு வீட்டுக்கு மாறுவீர்கள், அவ்வளவுதான். ஆனால் இது தெரியாமல் போய், ஒட்டிக்கொண்ட நேரத்தில் மாறச் சொன்னால் மனசு உடைந்துபோகும்.

அறை விஷயத்தில் உங்களுக்கு என்ன உரிமை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கென்று தனிக் கட்டில் இருக்க வேண்டும். மடக்கிவைக்கும் சோபாவோ காற்றடைத்த மெத்தையோ கணக்கில் சேராது. துணி வைக்க இடம், படிக்க இடம், தீ விபத்து நேர்ந்தால் தடையில்லாமல் வெளியேற வழி, இவையெல்லாம் கட்டாயம். அறையைப் பகிரலாம், ஆனால் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவரோடு மட்டும். வீட்டில் 18 வயது நிரம்பிய எல்லோருடைய குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு: "நியூஜெர்சியில் சித்தப்பா இருக்கிறார், அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமே" என்பது. இந்தத் திட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைக்க அனுமதி இல்லை. விண்ணப்பத்தில் அப்படிக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போதே குடும்பத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். உங்களைப் பற்றி நாலு வரி, வீட்டில் செல்லப் பிராணி உண்டா, பள்ளிக்கு எப்படிப் போவது, குளிர்கால உடை அங்கே வாங்குவது நல்லதா, இவ்வளவு போதும். வீடியோ அழைப்பு ஒன்று பேசிவிட்டால் இன்னும் நல்லது. விமான நிலையத்தில் முகம் தெரிந்தவர்களாகச் சந்திப்பீர்கள்.

2. காகிதங்கள்: எது கைப்பையில், எது நகலாக

கைப்பையில் அசலாக இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், டிஎஸ்-2019 படிவம் (ஜே-1 விசாவுக்காக ஸ்பான்சர் தரும் தகுதிச் சான்று), செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) கட்டண ரசீது, குடும்பத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும், காப்பீட்டு அட்டை, தடுப்பூசிப் பதிவு, அப்பா அம்மா கையெழுத்திட்ட மருத்துவ ஒப்புதல் கடிதம். இவற்றைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்பிவிடாதீர்கள்.

மருத்துவ ஒப்புதல் கடிதத்தைப் பலர் கடைசியில் அவசரமாகத் தேடுகிறார்கள். 18 வயது நிரம்பாத ஒருவருக்கு அவசரமில்லாத சிகிச்சை எதையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். நள்ளிரவில் ஊருக்குப் போன் போட்டு அப்பாவை எழுப்பி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லும் நிலை வேண்டாம்.

தடுப்பூசிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தட்டம்மை, சின்னம்மை, போலியோ, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்றவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். குழந்தையில் போட்ட அட்டை தொலைந்திருந்தால், இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் போய் ஆங்கிலத்தில் தேதியோடு எழுதி வாங்குங்கள். பதிவு சரியில்லை என்றால் பள்ளியில் முதல் நாளே உட்கார வைக்காமல் போகலாம்.

பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். விசா கொடுக்கும்போது தரப்படும் உரிமைக் கையேட்டிலும் இது இருக்கிறது. "பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்" என்று யார் கேட்டாலும், நன்றி சொல்லி, நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நகலைக் கொடுக்கலாம், தப்பில்லை.

கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ குடும்பம் சுற்றுலா போகிறது, உங்களையும் கூப்பிடுகிறார்கள் என்றால், டிக்கெட் போடும் முன் டிஎஸ்-2019 படிவத்தில் ஸ்பான்சரின் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எல்லை தாண்டினால் திரும்பி உள்ளே வருவது பெரும்பாடு. போகிற நாட்டின் விசா தனியாக வேண்டுமா என்றும் பாருங்கள்.

3. பணம்: யார் எதற்குக் கொடுப்பது

ஜே-1 பள்ளித் திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளமோ வாடகையோ கிடையாது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டியிருக்கிறோம், அதில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, "காசு வாங்கிக்கொண்டுதானே பார்க்கிறார்கள்" என்று பிள்ளையிடமே சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தோடு போகும் பிள்ளை வாடிக்கையாளர் மாதிரி நடந்துகொள்ளும். தயவுசெய்து அப்பா அம்மாவுக்கு இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள். அந்தக் குடும்பத்தினர் தங்கள் சாப்பாட்டையும் வீட்டையும் நேரத்தையும் விருப்பப்பட்டுத் தருகிறார்கள்.

அரசுக் கட்டணங்களில் செவிஸ் 220 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர் என்று நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தது. கட்டும் முன் தூதரகத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு தங்குமிடமும் வீட்டுச் சாப்பாடும் குடும்பத்தின் பொறுப்பு. போன் பில், சோப்பு ஷாம்பு, துணி, சினிமா, பள்ளிச் சுற்றுலா, விளையாட்டு அணிக் கட்டணம் எல்லாம் உங்கள் பொறுப்பு. பள்ளி மதிய உணவு யார் செலவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதல் நாளே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. கைச்செலவுக்கு மாதம் 200 முதல் 300 டாலர் வரை பல நிறுவனங்கள் சொல்கின்றன. நவம்பர் வாக்கில் குளிர்ச் சட்டையும் பூட்ஸும் வாங்க ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால் யார் கொடுப்பது என்ற சங்கடம் வரும். "என் பங்கை நான் கொடுக்கட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். பில்லுக்காக மேசையில் இழுபறி செய்ய வேண்டாம்.

கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். வேலைக்கும் போக முடியாது. எப்போதாவது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது போன்ற சில்லறை வேலைகள் மட்டும்தான் அனுமதி.

காப்பீடு: விதிப்படி ஒரு விபத்துக்கோ நோய்க்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை பாலிசி தாங்க வேண்டும். முதலில் நம் கையிலிருந்து கொடுக்கும் தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது. பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் இதில் வராது. எனவே கிளம்பும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, கண்ணாடி போடுபவர்கள் இன்னொரு ஜோடியும் செய்து எடுத்துப் போங்கள். அங்கே போன பிறகு, உயிர்போகிற விஷயம் இல்லாத காய்ச்சல், சுளுக்குக்கெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல், 'அர்ஜென்ட் கேர்' என்ற சிறு மருத்துவமனைக்குப் போகச் சொல்லிக் கேளுங்கள். பில் பலமடங்கு குறையும்.

4. முதல் இரண்டு நாளில் கேட்டு முடிக்க வேண்டியவை

களைப்பு தீர ஒரு நாள் தூங்குங்கள். அப்புறம் ஹோஸ்ட் அப்பா அம்மாவிடம், "வீட்டு விதிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசலாமா?" என்று நீங்களே கேளுங்கள். இப்படிக் கேட்கும் மாணவரை எந்தக் குடும்பமும் விரும்பும். நோட்டில் எழுதிக்கொண்டே கேளுங்கள்:

- உங்களை என்ன சொல்லிக் கூப்பிடட்டும்?
- காலையில் குளியலறை எனக்கு எந்த நேரம்? எவ்வளவு நேரம்?
- துணி எந்த நாளில் துவைப்பது, மெஷினை யார் சொல்லித்தருவார்கள்?
- வீட்டு வேலையில் என் பங்கு என்ன?
- ஃபிரிட்ஜில் நான் கேட்காமல் எடுக்கக் கூடியது எது, கூடாதது எது?
- இரவு எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்? போன், வைஃபை எத்தனை மணி வரை?
- நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வரலாமா? யாருடைய காரில் ஏறலாம், ஏறக் கூடாது?

குளியலறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் வாரத்து மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் குளியலறைத் தரை முழுக்க நனையும், தண்ணீர் ஓடிப்போக ஓட்டை இருக்கும். அங்கே பெரும்பாலும் தொட்டிக்குள் மட்டும்தான் வடிகால். திரையின் கீழ்முனையைத் தொட்டிக்கு உள்ளே விட்டுத்தான் குளிக்க வேண்டும். வெளியே விட்டால் தண்ணீர் தரையில் தேங்கி, பலகை வழியாகக் கசிந்து, கீழ்த்தளத்துக் கூரையில் பழுப்புக் கறை விழும். குளித்து முடித்ததும் மின்விசிறியைப் போட்டு, தொட்டியில் கிடக்கும் முடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். சுடுதண்ணீர் தொட்டியில் இருக்கும் அளவுதான் வரும். நீங்கள் அரை மணி நேரம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

பாத்திரம் கழுவும் மெஷினில் கையால் தேய்க்கும் திரவச் சோப்பை ஊற்றாதீர்கள். சமையலறை முழுக்க நுரை வந்துவிடும், அதற்கென்று தனிச் சோப்பு உண்டு. துணி உலர்த்தியில் ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும் அபாயம். வீட்டு வெப்பநிலைக் கருவியைக் கேட்காமல் தொடாதீர்கள்.

5. சாப்பாடு

விண்ணப்பத்தில் வெறுமனே 'சைவம்' என்று எழுதினால் போதாது. முட்டை சாப்பிடுவீர்களா, மாட்டிறைச்சி மட்டும் வேண்டாமா, கறி சமைத்த கரண்டியைப் பயன்படுத்தினால் பரவாயில்லையா, ஜெலட்டின் இருக்கும் மிட்டாய் சரியா என்று தனித்தனியாக எழுதுங்கள். எது மத நம்பிக்கை, எது வெறும் விருப்பம் என்று பிரித்துச் சொன்னால் அவர்கள் திட்டமிட எளிது.

இன்னொன்று. நம் வீடுகளில் "சாப்பிடுறியா?" என்றால் முதலில் "வேண்டாம்" என்போம். அவர்கள் வற்புறுத்துவார்கள், மூன்றாம் முறை சரி என்போம். அங்கே முதல் முறை வேண்டாம் என்றால் தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். அது அலட்சியம் இல்லை, உங்கள் வார்த்தையை மதிக்கிறார்கள். பசித்தால் "ஆமாம், வேண்டும்" என்று முதல் தடவையே சொல்லுங்கள். பட்டினியாகப் படுத்துவிட்டு அவர்கள் கவனிக்கவில்லை என்று ஊருக்குப் போன் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடும் வீடுகள் உண்டு. ஒன்பது மணிக்குப் பசித்தால் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வையுங்கள். மாதத்தில் ஒருநாள் நீங்கள் சமைப்பதாகச் சொல்லுங்கள். தாளிக்கும் முன் அடுப்பு மேலிருக்கும் விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கடுகும் வற்றல் மிளகாயும் எண்ணெயில் பொரிந்தால் கூரையிலிருக்கும் புகை அலாரம் அலறும். வீட்டுப் பூனை ஒரு பக்கம் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். முதல் சமையலுக்கு எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு பொரியல் போன்ற சாதுவானவற்றைச் செய்யுங்கள். காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

6. பழக்கவழக்கம்: அறைக் கதவும் "பரவாயில்லை"யும்

ஹோஸ்ட் அப்பா அம்மா தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் நமக்கு நாக்கு எழும்பாது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவுமே சொல்லாமல் இருந்துவிடுகிறோம். அது அவர்களுக்கு விலகலாகப் படும். சங்கடமாக இருக்கிறது என்று சொல்லி, இருவருக்கும் சரிப்படும் ஒரு அழைப்பை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்த்தபடி கிடப்பதுதான் குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் குறை. தூங்கவும் உடைமாற்றவும் மட்டும் சாத்துங்கள். வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணில் பட்டுக்கொண்டிருந்தாலே பேச்சு தானாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கூப்பிடலாம். சும்மா உடன் போய் உட்கார்ந்து வருவது பலருக்கு நல்ல அனுபவம்தான். விருப்பமில்லை என்றால் மரியாதையாகச் சொல்லலாம், உங்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மது அருந்தச் சட்டப்படியான வயது அங்கே 21. மது, போதைப்பொருள், கார் ஓட்டுவது மூன்றும் பெரும்பாலான திட்டங்களில் உடனே ஊருக்குத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும். ஹோஸ்ட் அண்ணனே கார் சாவியை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

குடும்பத்தின் படங்களைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளின் படங்களை.

7. ஊருக்குப் போன்

நியூயார்க் பக்கம் இருந்தால் கோடையில் இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருப்பீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் மாறியதும் அது பத்தரை ஆகும். கலிபோர்னியாவில் பன்னிரண்டரை, பிறகு பதின்மூன்றரை. நடுராத்திரி வரை விழித்திருந்து தினமும் வீட்டோடு பேசினால் காலையில் பள்ளியில் தூங்கி விழுவீர்கள். ஞாயிறு காலை ஒரு நீண்ட அழைப்பு, நடுவில் குறுஞ்செய்திகள் என்று முதலிலேயே அம்மாவிடம் பேசி வையுங்கள். முதல் மாதம் இது அம்மாவுக்கும் உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஹோஸ்ட் அம்மாவுக்கு நேரடியாகப் போன் செய்து "பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறதா" என்று கேட்பதை ஊரில் உள்ளவர்கள் நிறுத்த வேண்டும். கவலை இருந்தால் ஊரில் உள்ள நிறுவனத்தின் அலுவலகம் வழியாகக் கேட்பதுதான் முறை.

நவம்பர், டிசம்பரில் மனசு மிகவும் சோர்ந்துபோகும். நாலரை மணிக்கே இருட்டிவிடும், தீபாவளி வந்துபோயிருக்கும், அந்த வீட்டில் எல்லோரும் தங்கள் சொந்தங்களோடு விழா கொண்டாடுவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கென்று பள்ளியில் ஏதாவது ஒரு குழுவில் முன்பே சேர்ந்துவிடுங்கள்: நாடகம், நீச்சல், இசை எதுவானாலும் சரி. அந்த நாட்களில் ஊர் திரும்பும் முடிவை எடுக்காதீர்கள். ஜனவரி வரை பொறுங்கள்.

8. ஒத்துவரவில்லை என்றால்

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: அசௌகரியமா, ஆபத்தா?

தகாத தொடுகை, அறைக்குள் அத்துமீறி வருவது, அடி, சாப்பாடு மறுப்பது, குடித்துவிட்டு உங்களை வைத்துக் காரோட்டுவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, இவை ஆபத்து. இதற்கு வரிசைமுறை எதுவும் கிடையாது. உடனடி ஆபத்து என்றால் 911 (அமெரிக்காவின் அவசர உதவி எண்). அடுத்து ஸ்பான்சரின் 24 மணி நேர எண். அமெரிக்க வெளியுறவுத் துறையே ஜே-1 மாணவர்களுக்கென்று ஒரு உதவி எண் வைத்திருக்கிறது: 1-866-283-9090. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதிப் பள்ளிப் பைக்குள் வையுங்கள். வீட்டில் பேச முடியாவிட்டால் பள்ளியின் ஆலோசகர் அறைக்குப் போய்ச் சொல்லலாம். இப்படிச் சொல்வதால் உங்கள் விசா போய்விடாது. அப்படி மிரட்டுபவர் பேச்சை நம்பாதீர்கள்.

மற்றதெல்லாம் அசௌகரியம். அதற்கு வழி இது. முதலில் குடும்பத்திடம் நேரில், குற்றம் சாட்டாமல், ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துப் பேசுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். மாறாவிட்டால் லோக்கல் கோஆர்டினேட்டரிடம், அதாவது ஸ்பான்சர் சார்பில் உங்களைக் கவனிக்கும் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் போங்கள். அவர் உங்களிடமிருந்து 120 மைல் தூரத்துக்குள் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது உங்களோடு பேச வேண்டும், முதல் மாதம் நேரில் சந்திக்க வேண்டும் என்பதெல்லாம் விதி. அவர் போன் செய்யும்போது ஹோஸ்ட் அம்மா பக்கத்தில் நின்றால் நீங்கள் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வீர்கள். அதனால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேசி முடித்ததும், என்ன பேசினோம் என்று தேதி போட்டு அவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். என் விஷயத்தில் வாய்ப் பேச்சு வாரக்கணக்கில் நகரவில்லை, எழுத்தில் போன பிறகுதான் நிறுவனம் அசைந்தது.

ஒரு நண்பன் வீட்டில் இடம் இருக்கிறது என்று நீங்களாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. எந்தக் குடும்பமானாலும் சோதனை முடிந்த பிறகுதான் நீங்கள் அங்கே போகலாம். ஆனால் அந்த நண்பனின் பெற்றோர் விருப்பப்பட்டால், அவர்கள் பெயரைக் கோஆர்டினேட்டரிடம் கொடுக்கலாம். வீடு மாறியதும் புது முகவரி பத்து நாளுக்குள் ஸ்பான்சர் பதிவில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

மாறும்போது பழைய குடும்பத்தைப் பற்றிப் பள்ளியில் பேசாதீர்கள். சின்ன ஊர் என்றால் மறுநாளே அவர்கள் காதுக்குப் போய்விடும். ஒரு நன்றிக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வீடு சரிப்படவில்லை என்பதற்காக இரண்டு தரப்பில் ஒருவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

9. கடைசி இரண்டு மாதம்

ஏப்ரலிலேயே பள்ளி ஆலோசகரைப் பார்த்து, மதிப்பெண் சான்றிதழ் முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதி வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஜூனில் பள்ளி மூடிவிட்டால் அலுவலகத்தில் ஆள் இருக்காது. ஊரில் உள்ள பள்ளி அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை) கேட்குமா என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்திருந்தால், அங்கே இருக்கும்போதே மாநில அலுவலகத்தில் அதை வாங்கிவிடலாம். ஊர் வந்த பிறகு வாங்குவது அலைச்சல்.

டிஎஸ்-2019 முடிவுத் தேதிக்குப் பிறகு 30 நாள் வரை அமெரிக்காவுக்குள் இருக்கலாம், ஆனால் அந்த நாட்களில் வெளியே போனால் திரும்பி வர முடியாது. பல ஸ்பான்சர்கள் அந்த 30 நாளையும் தருவதில்லை. பள்ளி முடிந்து ஒரு வாரத்தில் டிக்கெட் போட்டுவிடுவார்கள். அப்பா அம்மா வந்து சுற்றிப்பார்க்க நினைத்தால் பிப்ரவரியிலேயே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு அவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கட்டும்.

அரசு நிதியில் போனவர்கள் தங்கள் விசாவிலும் டிஎஸ்-2019 படிவத்திலும் 'இரண்டாண்டு சொந்த நாட்டு வசிப்பு' நிபந்தனை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால், ஊரில் இரண்டு ஆண்டு இருந்து முடிக்கும் வரை எச்-1பி வேலை விசாவோ, அங்கே நிரந்தரமாக வசிக்க உதவும் கிரீன் கார்டோ பொதுவாகக் கிடைக்காது. படிவத்தின் தெளிவான நகல் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிற்பாடு எந்த அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தாலும் அதைக் கேட்கக்கூடும்.